அலாயா: ஃபின் இல்லாமல் அலையைப் பிடிக்கும் முக்கால் அங்குலப் பலகை

இன்றைய சர்ஃப் பலகை எதைத் திருப்பிப் போட்டாலும் வால்பக்கத்தில் மீன்துடுப்புப் போன்ற தகடு, அதாவது ஃபின், ஒன்றோ மூன்றோ செங்குத்தாக நிற்கும். பலகை பக்கவாட்டில் வழுக்காமல், ஓட்டுபவர் நினைத்த பக்கம் போவது அதனால்தான். ஆனால் ஹவாய்த் தீவுகளில் பல நூற்றாண்டுகள் அலைமேல் சென்றவர்களின் பலகைகளில் ஃபின் கிடையாது. 1779-ல் கெயாலகெகுவா விரிகுடாவில் அவர்கள் அலையேறியதைக் கண்டு கேப்டன் குக்கின் கப்பலிலிருந்த லெப்டினன்ட் ஜேம்ஸ் கிங் வியந்து எழுதியபோது, ஃபின் வருவதற்கு இன்னும் 150 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

அந்தப் பலகைகளில் ஒரு வகையான அலாயா, 2000-களின் நடுவிலிருந்து மறுபடி கடலில் இறங்கியிருக்கிறது. ஆஸ்திரேலியா, கலிஃபோர்னியா, ஹவாய் என்று பல கரைகளில் ஆட்கள் தாங்களே மரம் வாங்கி இழைத்துச் செய்துகொள்கிறார்கள். புதிதாக வருபவர்கள் ஃபின் இல்லாததுதான் இதன் சிரமம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அது இரண்டாவது சிரமம்தான். ஆள் ஏறினால் பலகை தண்ணீருக்குள் போய்விடுகிறது என்பதே முதல் சிரமம். இந்த இரண்டுக்கும் வேர் ஒன்று என்பது புரியாதவரை பலகை செய்யவும் வராது, ஓட்டவும் வராது.

பழைய ஹவாய்ப் பலகைகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. நெஞ்சை வைத்துப் படுத்தபடி ஓட்டும் சின்னப் பலகைக்குப் பைப்போ என்று பெயர். 3, 4 அடி இருக்கும். அலாயா ஆறேழு அடியில் தொடங்கி 12 அடி வரை போகும். மூக்கு வட்டம், வால் நேராக வெட்டியது, தடிமன் மிகக் குறைவு. கரைக்கு அருகில் செங்குத்தாக எழும்பி உடையும் அலைக்கு ஏற்றது அது. ஓலோ என்பது தலைவர் குலத்தாருடைய பலகை. 14 அடிக்கு மேல் நீளம். மேலும் கீழும் குவிந்து நடுவில் பருத்திருக்கும். இன்னும் உடையாமல் உருண்டு வரும் அலையிலேயே ஏறிக்கொள்ளும்.

அலாயாவுக்குக் கோஆ மரமும் சீமைப்பலாவும் பயன்பட்டன. ஓலோவுக்கு விரும்பப்பட்டது விலிவிலி. இது நம் ஊர்க் கல்யாண முருங்கையின் பேரினமான எரித்ரினாவைச் சேர்ந்தது. அடைக்கு இலை பறிக்கக் கிளையை வளைத்தவர்களுக்கு அந்த மரம் எவ்வளவு லேசு என்பது தெரிந்திருக்கும். ஆனால் இன்று ஒருவர் விலிவிலியில் ஓலோ செய்ய நினைத்தால் அடிமரம் கிடைப்பதே கடினம். 2005-ல் எரித்ரினா மரங்களின் இலையிலும் தண்டிலும் முடிச்சு உண்டாக்கும் ஒரு நுண்ணிய குளவி ஹவாய்க்குள் வந்து விலிவிலிக் காடுகளைக் கருக வைத்தது. கேரளத்தில் மிளகுக்கொடி படரவிட்ட முள்முருங்கைகளையும் இதே குளவி தாக்கியது. அதன் மேல் வாழும் எதிர்க்குளவி ஒன்றைத் தான்சானியாவிலிருந்து கொண்டுவந்து 2008-ல் ஹவாயில் விட்ட பிறகுதான் மரங்கள் ஓரளவு தேறின. மீட்பு முயற்சிகள் ஓலோவை அதிகம் தொடாமல் அலாயாவைச் சுற்றியே நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பலகைகள் மறைந்ததற்கு 1820-ல் வந்த மிஷனரிகளை மட்டும் குற்றம் சொல்வது வழக்கம். அலையேறுவதன்மேல் அவர்களுக்கிருந்த வெறுப்பு உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே, 1778-ல் ஐரோப்பியக் கப்பல்கள் வந்ததிலிருந்து, நோய்கள் அந்த மக்கள்தொகையைச் சரித்துக்கொண்டிருந்தன. மரம் தேர்ந்து, அதன் வேரடியில் செந்நிறக் கூமூ மீனைப் படையல் வைத்து, கல் வாய்ச்சியால் செதுக்கி, பவளக்கல்லால் தேய்த்து, கூகுய் கொட்டை எண்ணெய் பூசி முடிக்கும் வேலை அது. அதைத் தெரிந்தவர்கள் செத்துப்போனால் கற்றுக்கொடுக்க யாரும் மிஞ்ச மாட்டார்கள். அப்படியும் வழக்கம் முழுக்க அறுந்துவிடவில்லை. ஹவாயின் கடைசி இளவரசியான கையுலானி (1875–1899) ஓட்டிய 7 அடி 4 அங்குலக் கோஆ அலாயா ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1885-ல் மூன்று ஹவாய் இளவரசர்கள் கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில், அங்கேயே ரெட்வுட் மரத்தில் அறுத்துச் செய்த பலகைகளில் அலையேறினார்கள்.

ஃபின்னின் கதையும் அதே அருங்காட்சியகத்தில்தான் தொடங்குகிறது. 1926-ல் டாம் பிளேக் என்ற அமெரிக்கர் அங்கே கிடந்த, ஹவாய்க் குலத்தலைவர் பாகியின் ஓலோ பலகைகளைச் சீர்செய்து கொடுத்தார். அவற்றைப் பார்த்துத் தானும் 16 அடிப் பலகை செய்தார். எடையைக் குறைக்க அதில் நூற்றுக்கணக்கான துளைகள் போட்டு மேலே மெல்லிய மரத்தால் மூடினார். உள்ளே கூடாக இருக்கும் பலகை அப்படி வந்தது. கூடான பலகை நன்றாக மிதந்தது. ஆனால் அலையின் சரிவில் வால் வழுக்கியது. 1935-ல் ஹொனலுலுவின் வைகிகிக் கடற்கரையில், பழைய வேகப்படகு ஒன்றின் அடித்தகட்டை எடுத்து வாலுக்கு அடியில் பொருத்தினார். முதல் ஃபின் அதுதான். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: பலகை பருமனாகி மிதக்கத் தொடங்கிய பிறகுதான் ஃபின் தேவைப்பட்டது. ஃபின்னுக்கு மாற்றாக வைகிகி இளைஞர்கள் சிலர் 1937-ல் வாலைக் குறுக்கி அடியை வி வடிவில் செதுக்கிப் பார்த்தார்கள். அந்த ‘ஹாட் கர்ல்’ பலகைகள் பெரிய அலையில் பிடித்து நின்றன. ஆனால் ஃபின் வென்றது. 1981-ல் ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் பலகையோடு பெல்ஸ் பீச் போட்டியை வென்ற பிறகு வேறு யோசனைக்கே இடமில்லாமல் போயிற்று.

அருங்காட்சியக அலாயாக்களைப் பார்த்து அவற்றை மறுபடி செய்து ஓட்டியவர் டாம் வெகனர். கலிஃபோர்னியாவில் வளர்ந்து, ஆஸ்திரேலியாவின் நூசாவில் குடியேறி, மரப்பலகை செய்துகொண்டிருந்தவர். நூசாவில் நிலமுனையை ஒட்டி நீண்டு ஒரே ஒழுங்காக உடையும் அலைகள் உண்டு. மெல்லிய பலகையைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. டேவ் ராஸ்டோவிச், ராப் மச்சாடோ போன்ற பெயர்பெற்ற ஓட்டக்காரர்கள் அந்தப் பலகைகளில் ஏறியதும் உலகம் திரும்பிப் பார்த்தது. 2009-ல் சர்ஃப் இதழ் ஒன்று வெகனரை அந்த ஆண்டின் சிறந்த பலகை வடிவமைப்பாளராகத் தேர்ந்தெடுத்தது. ஹவாயில் டாம் போஹாக்கு ஸ்டோன் போன்றவர்கள் சடங்கோடும் மொழியோடும் சேர்த்து இதே பலகைகளைச் செதுக்கக் கற்றுத்தந்தார்கள். அந்த வேலையைத் தவிர்த்துவிட்டு நூசாவை மட்டும் வரலாறாக எழுதுவது நியாயமல்ல.

வெகனரின் முக்கியத் தேர்வு மரம். கோஆ ஹவாயில் மட்டுமே விளைவது, விலை அதிகம், ஒரு கன மீட்டர் 600 கிலோவுக்கு மேல் கனக்கும். அவர் எடுத்தது பவுலோனியா. சீனாவைச் சேர்ந்த, வேகமாக வளரும் மரம். ஜப்பானில் காலங்காலமாகப் பெட்டியும் அலமாரியும் செய்வது இதில்தான். கன மீட்டருக்குச் சுமார் 280 கிலோ. தேக்கில் பாதிகூட இல்லை. அதைவிட முக்கியம், உப்புநீரை எளிதில் உறிஞ்சாது. மற்ற லேசான மரங்களுக்குக் கண்ணாடியிழையும் பிசினும் போர்த்தாமல் முடியாது. போர்த்தினால் பலகை விறைத்துப் போகும், வளையாது. பவுலோனியாவுக்கு எண்ணெய் மட்டும் போதும். கட்டுமரக்காரர்கள் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவது எதற்காக என்று யோசித்தால் இதன் அருமை தெரியும். ஊறின மரம் கனக்கும், அடுத்த நாள் மிதப்புக் குறையும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 7 அடி நீளம், 17 அங்குல அகலம், 20 மி.மீ. கனம் உள்ள அலாயாவின் கொள்ளளவு ஏறக்குறைய 15 லிட்டர். பவுலோனியாவில் அதன் எடை நாலேகால் கிலோ. முழுக்க மூழ்கினால் அது மேலே தள்ளும் விசை 11 கிலோ அளவுக்குத்தான். கோஆவில் செய்தால் அந்த விசை 6 கிலோதான். தொடக்கக்காரர்களுக்குக் கொடுக்கும் 9 அடி நுரைப்பலகை 70 லிட்டருக்கு மேலேயே இருக்கும். அலாயாவில் படுத்தால் இடுப்பும் தொடையும் தண்ணீருக்குள்தான். தலையும் தோளும் மட்டும் வெளியே நிற்கும்.

இந்த மெல்லிய கனம்தான் ஃபின்னின் வேலையையும் செய்கிறது. அலைமுகத்தில் குறுக்காகப் போகும்போது அலையை ஒட்டிய உள்பக்க விளிம்பு தண்ணீருக்குள் இறங்க வேண்டும். இரண்டரை அங்குலப் பருமனுள்ள நுரைப்பலகையின் விளிம்பை எவ்வளவு அழுத்தினாலும் மிதப்பு அதை மேலே தள்ளிவிடும். அதனால்தான் சாதாரணப் பலகையிலிருந்து ஃபின்னைக் கழற்றிவிட்டு ஏறினால் அடுத்த நொடி பின்பக்கம் சுழன்றுவிடுகிறது. 20 மி.மீ. விளிம்பு சிறிய அழுத்தத்திலேயே உள்ளே போய், கீழ்முனை கூராக இருந்தால் அங்கேயே நிற்கும். கூடவே, ஓட்டுபவர் எடையில் பலகை வளைகிறது. அலைமுகம் குழிந்திருக்கும், நேர்ப்பலகை அதை ஓரிரு இடங்களில்தான் தொடும், வளையும் பலகையின் விளிம்பு ஏழடியில் பெரும்பகுதியை அலையோடு ஒட்டவைக்கும். பிடிமானம் இப்படி நீளம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஃபின் தண்ணீரைக் கிழிப்பதால் வரும் இழுவையும் இல்லை. அலாயா ஓட்டுபவர்கள் முதலில் சொல்வது வேகத்தைப் பற்றித்தான் என்பதில் ஆச்சரியமில்லை.

செய்முறைக்கு வருவோம். பழைய பலகைகள் ஒரே மரத்தில் குடைந்தவை. இன்று அகலமான ஒற்றைப் பலகை கிடைத்தாலும் எடுக்காமல் இருப்பது நல்லது. காயும்போது குறுக்கே குழிந்துவிடும். 25 மி.மீ. கனத்தில், 7½ அடி நீளத்தில், மூன்றரை முதல் 4 அங்குல அகலமுள்ள துண்டுகள் 5 போதும். கணு இருக்கக்கூடாது, முக்கியமாக வால்பக்கத்து ஓரடியில். ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஆண்டு வளையங்கள் ஒரு துண்டில் மேல்நோக்கியும் அடுத்ததில் கீழ்நோக்கியும் வருமாறு அடுக்கினால் வளைவு ஒன்றையொன்று ஈடுகட்டும்.

ஓரங்களை இழைப்புளியால் ஒட்டி நிற்கும்வரை சீவி, இரண்டு துண்டைச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஒளி தெரிந்தால் இன்னும் சீவ வேண்டும். பசை இடைவெளியை நிரப்பும் என்று விட்டால் அங்கேதான் பிளக்கும். எபாக்சிப் பசை பூசி, ஓரடிக்கு ஒரு கிளாம்ப், ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றிப் போட்டு, 24 மணி நேரம் விட வேண்டும். எல்லாக் கிளாம்பையும் மேலேயே போட்டால் பலகை வில்லாக வளைந்து ஒட்டிக்கொள்ளும். அதிகமாக இறுக்கினால் பசை முழுக்க வெளியே பிதுங்கி மூட்டு உலர்ந்துபோகும்.

வடிவம் வரையும்போது அதிக அகலம் நடுவில் வரக்கூடாது. மூக்கிலிருந்து ஒன்றரை அடியில் 17 அங்குலம். அங்கிருந்து மெல்லக் குறுகி வாலில் 14 அங்குலம். வால் நேர்வெட்டு. மூக்கைச் சற்றுத் தட்டையான வட்டமாக விட வேண்டும். ஜிக்சா வாளால் கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு அறுத்து, மீதியை இழைப்புளியால் எடுக்கலாம். பிறகு கனத்தை 20 மி.மீ.க்குக் கொண்டுவர வேண்டும். எடை 60 கிலோவுக்குக் கீழே இருப்பவருக்கு 18 போதும். அதற்கும் கீழே போனால் எழுந்து நிற்கும்போது நடுவில் முறியும்.

அடிப்பக்கம்தான் பலகையின் உயிர். முன் மூன்றில் ஒரு பங்கு மெல்லக் குவிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கின் விளிம்பு தண்ணீரைக் கொத்தி ஆளைத் தூக்கி எறியும். நடுப்பகுதி தட்டை. பின் மூன்றில் ஒரு பங்கில் 3 முதல் 5 மி.மீ. ஆழத்துக்குக் குழிவு. இந்தக் குழிவு விளிம்புகளைக் கீழே இறக்கிக் கொடுக்கிறது. அதற்கு மேல் ஆழமாக்கினால் நடுவில் மரம் 15 மி.மீ.க்கும் குறைந்து வாலிலிருந்து நீளவாட்டில் பிளவு ஓடும். விளிம்பும் அப்படித்தான்: முன்பாதியில் இருபுறமும் உருட்டியது, பின்பாதியில் மேல்புறம் உருட்டி, கீழ்முனையைக் கூராக விட்டது. இந்தக் கூர்முனையை உப்புத்தாளால் தெரியாமல் மழுக்கிவிடுவதுதான் மிக அதிகமாக நடக்கிற தவறு. அப்படி மழுங்கிய பலகை பார்க்க அழகாக இருக்கும், அலையில் நிற்காது.

80, 120, 180 என்று உப்புத்தாள் போட்ட பிறகு ஈரத்துணியால் துடைத்தால் மரநார் எழும்பும். காய்ந்ததும் மறுபடி 180. இதைத் தவிர்த்தால் முதல்முறை கடலில் இறங்கும்போது நெஞ்சில் சிராய்க்கும். எண்ணெய்க்குப் பச்சை ஆளிவிதை எண்ணெய் வேண்டாம், வாரக்கணக்கில் காயாது. பெயிண்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேட்க வேண்டும். முதல் பூச்சு எண்ணெயும் டர்பென்டைனும் சமபங்கு. அடுத்த இரண்டு பூச்சு எண்ணெய் மட்டும். ஒவ்வொன்றையும் 20 நிமிடம் ஊறவிட்டு மீதியைத் துடைத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் பிசுபிசுப்பான தோலாகப் படிந்துவிடும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. லின்சீட் எண்ணெய் காயும்போது சூடு கிளப்பித் துணி தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, விரித்து வெளியே காயப்போட வேண்டும். மூக்கிலும் வாலிலும் மரத்தின் வெட்டுமுகம் தெரியும் இடத்தில் எண்ணெய் பூசுமுன் எபாக்சியைத் தடவி ஊறவைப்பது அவசியம். தண்ணீர் குடிப்பதும் வெடிப்பு தொடங்குவதும் அந்த முகத்தில்தான். நின்று ஓட்டுவதற்கு மெழுகு அவ்வளவாகத் தேவைப்படாது, எண்ணெய் பூசிய ஈரமரமே காலைப் பிடிக்கும்.

கடலில் முதல் நாள் பெரும்பாலும் ஏமாற்றமாக இருக்கும். வழக்கமான பலகையில் படுப்பதைவிட ஒரு சாண் முன்னால் படுக்க வேண்டும், முகவாய்க்குச் சற்று முன்னால் பலகையின் மூக்கு நீர்மட்டத்தில் இருக்கும்படி. கைகளோடு கால்களும் உதைக்க வேண்டும். தூரத்திலிருந்து துடுப்பிட்டு அலையைப் பிடிக்கும் வேகம் இந்தப் பலகைக்குக் கிடையாது. அதனால் அலை உடையும் இடத்துக்கு நெருங்கிக் காத்திருந்து, வாலை நீருக்குள் அமுக்கி, அது மேலே உந்தும் நேரமும் அலை தூக்கும் நேரமும் ஒன்றாக வரும்படி கிளம்ப வேண்டும்.

கிளம்பும்போதே கரைக்கு நேராக அல்லாமல் 45 பாகை திரும்பியிருப்பது கட்டாயம். நேராக இறங்கினால் அடிவாரத்தில் திருப்ப ஃபின் இல்லை; பலகை தட்டாமாலை சுற்றும். படுத்த நிலையிலேயே உள்பக்க விளிம்பு பிடித்துவிட்டதை நெஞ்சில் உணர்ந்த பிறகு, அந்த விளிம்பிலிருந்து ஒரு கையை எடுக்காமல் எழுந்து, குந்திய நிலையிலேயே இருக்க வேண்டும். ஃபின் பலகையில் பழகியவர்கள் பின்காலை அழுத்தித் திருப்பப் பார்ப்பார்கள். இங்கே பின்காலை அழுத்தினால் விளிம்பு விடுபட்டு வால் ஓடிவிடும். எடை முன்காலில், பார்வை அலையின் தோள்பக்கம், அதாவது இன்னும் உடையாத பக்கம். திருப்பங்களெல்லாம் பாதத்தின் விரல்பக்கத்துக்கும் குதிகாலுக்கும் இடையே எடையைச் சாய்ப்பதில்தான். வால் வழுக்குவதை வேண்டுமென்றே விட்டு, முழுவட்டம் சுற்றி மறுபடி விளிம்பைப் பிடிப்பது பழகியவர்களின் தனி இன்பம்.

இரண்டு முதல் 4 அடி உயரம், பக்கவாட்டில் ஒழுங்காக உரிந்துபோகும் அலை வேண்டும். ஒரேயடியாக மடங்கி விழும் மணற்கரை அலையில் இறங்கினால் சதுரவாலின் மூலை தரையில் குத்தி ஒரே நாளில் பிளந்துவிடும். கணுக்கால் கயிறு கட்டாமல் ஓட்டுவதுதான் வழக்கம், மெல்லிய மரத்தில் அதற்கான பிடியைப் பொருத்துவதும் கடினம். அதனாலேயே கூட்டமான இடத்துக்கு இந்தப் பலகையைக் கொண்டுபோகக் கூடாது. ஃபின் கிழிக்காது என்பது உண்மை, ஆனால் தனியே பாய்ந்து வரும் மரமூலை பல்லை உடைக்கும்.

ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில், நீளவிளிம்பு தரையைத் தொட, இரண்டு பக்கமும் காற்றுப்பட நிறுத்த வேண்டும். மணலில் வெயிலில் கிடத்தினால் மேல்பக்கம் மட்டும் காய்ந்து ஒரு மணி நேரத்திலேயே குழியத் தொடங்கும். குழிந்துவிட்டால் குவிந்த பக்கம் வெயிலைப் பார்க்கத் திருப்பிப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். தெளித்த தண்ணீர் முத்தாக உருளாமல் பரவினால் எண்ணெய் போட்டாக வேண்டும். வாலில் வெடிப்பு கண்டால் உடனே நிறுத்தி, முழுக்கக் காயவைத்து, வெடிப்புக்குள் எபாக்சியை ஊசியால் செலுத்தி இறுக்கிக் கட்ட வேண்டும். நீண்டுபோன வெடிப்புக்குக் குறுக்கே பட்டாம்பூச்சி வடிவ மரத்துண்டைப் பதிப்பது ஹவாய்க்காரர்கள் மரக்கிண்ணங்களுக்குச் செய்துவந்த பழுது. அலாயாவுக்கும் அது நன்றாகவே நிற்கிறது.

இதே எண்ணம் நுரைப்பலகைகளுக்கும் போயிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டெரெக் ஹிண்ட் தென்னாப்பிரிக்காவின் ஜெஃப்ரீஸ் பே அலைகளில் ஃபின் இல்லாத நுரைப்பலகைகளை ஓட்டிக் காட்டினார். பருமனான விளிம்பு உள்ளே இறங்காது என்பதால் அடியில் நீளவாட்டுப் பள்ளங்கள் வெட்டிப் பிடிமானம் தேடும் வழி அது. துடுப்பிடுவது எளிதாகிறது, ஆனால் மரம் வளைந்து அலையோடு ஒட்டும் அந்தப் பிடி அதில் இல்லை. அதை அலாயாவின் மேம்பட்ட வடிவம் என்று விற்பதை ஏற்க முடியாது, அது வேறு பலகை.

தொடங்குபவருக்கு முதல் பலகை அலாயாவாக இருக்க வேண்டியதில்லை. அதே பவுலோனியாவில் 4 அடி நீளம், 18 அங்குல அகலம், 18 மி.மீ. கனத்தில் ஒரு பைப்போ செய்ய ஒரு வாரக்கடைசி போதும், மரச்செலவும் பாதி. விளிம்பும் பின்குழிவும் மேலே சொன்னபடியே. காலில் நீச்சல் துடுப்பு மாட்டிக்கொண்டு படுத்தபடி ஓட்டினால் மிதப்புக் குறைவு பெரிய தடையாக இராது. 45 பாகையில் கிளம்புவதும், உள்விளிம்பு எப்போது பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்பதும் அதிலேயே பழகிவிடும். பிறகு 70 கிலோ எடை உள்ளவர் 7 அடியில் ஒரு அலாயா இழைத்துக்கொண்டால், புதிதாகக் கற்க வேண்டியது துடுப்பிடுவதும் எழுந்து நிற்பதும்தான்.